முப்பத்திரண்டு எதிரிகளும் ஒரு சாட்சியும்

போன வாரம் டாக்டரம்மா சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போது நாம் எழுந்து வந்துவிட்டோம். அடித்து முடித்துவிட்டார். ஆணி கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அண்ணன் படத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒன்றுமே தொங்காமல் ஆறு நாளாகச் சுவரில் நிற்கிறது. மெடல் வந்தால் மாட்டுவதற்கு.

மெடல் வரவில்லை. விசாரணை அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்திருக்கிறது. வியாழக்கிழமை, மாலை நான்கு மணி. இன்று வியாழக்கிழமை.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த போரில், டாக்டரம்மாவின் அண்ணன் ஒரு பாலத்தில் தனி ஆளாக நின்று முப்பத்திரண்டு எதிரிகளைத் தடுத்து, இக்கரையில் தூங்கிக்கொண்டிருந்த தொண்ணூறு பேரைக் காப்பாற்றிவிட்டு உயிரை விட்டார். ஊருக்கே தெரிந்த கதை. அவர்கள் குடியிருக்கும் தெருவுக்கே பாலத்து வீரர் தெரு என்றுதான் பெயர். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வருஷா வருஷம் நாடகம் போடுகிறார்கள். போன வருஷம் எதிரிகளாக இருபத்தொன்பது பிள்ளைகள்தான் தேறினார்கள். அதனால் மூன்று பேர் இரண்டு தடவை விழுந்து செத்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

இவ்வளவு இருந்தும் மெடல் மட்டும் கிடைக்கவில்லை. இப்போது அரசாங்கம், அந்தப் போரில் விட்டுப்போனவர்களுக்கு இறந்த பிறகாவது மெடல் கொடுக்கலாமா என்று பார்க்க ஒரு கமிட்டி போட்டிருக்கிறது. கமிட்டிக்குக் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும். உயிரோடு இருக்கும் சாட்சி ஒரே ஒருவர். டாக்டரம்மாவின் கணவர், பல் டாக்டர்.

ஊரில் அவருக்கு ‘மூணு தடவை டாக்டர்’ என்று பெயர். பல்லைப் பிடுங்கும் முன்பு, பல் பார்க்கும் கண்ணாடியின் காம்பால் ஒரு தட்டு தட்டி, “இதுதானா?” என்று கேட்பார். ஆமாம் என்றால் விடமாட்டார். கையை எடுத்துவிட்டு, மறுபடி தட்டி, மறுபடி கேட்பார். மூன்றாவது தடவையும் ஆமாம் வந்த பிறகுதான் குறடு கைக்கு வரும். ஏன் இப்படி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு யார் வாயும் காலியாக இருந்ததில்லை.

காலையில் டாக்டரம்மா இரண்டு சட்டைகளைத் தேய்த்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஏங்க, நாலு மணிக்கு எது போட்டுக்கறீங்க? வெள்ளையா, கோடு போட்டதா?”

“சாட்சி சொல்றதுக்கு சட்டையில என்ன இருக்கு?”

“அப்ப வெறும் உடம்போட போய் நில்லுங்க.” வெள்ளையை நாற்காலியில் மாட்டினார். “ஒண்ணையும் விட்டுடாதீங்க. போன வருஷம் ஸ்கூல்ல பேசினப்ப பல்லை விட்டுட்டீங்க. பதினேழாவது ஆளு துப்பாக்கிக் கட்டையால அடிச்சது, பல்லு தெறிச்சது, அண்ணன் குனிஞ்சு அதை எடுத்து பாக்கெட்டுல போட்டுக்கிட்டு மறுபடி நிமிர்ந்து நின்னது. அதைக் கேட்டா கல்லும் அழும்.”

“சொல்றேன்.”

“முகத்தைப் பாரு. மெடல் நமக்கு வரப்போகுதா, நோட்டீஸ் வரப்போகுதா?”

டாக்டர் சிரித்தார். அறுபத்தைந்து வயதில் சொந்தப் பல் அத்தனையும் இருந்ததால் நன்றாகவே சிரிக்க முடிந்தது.

வீடு மாடியில், டிஸ்பென்சரி கீழே. இறங்கும்போது பாதிப் படியில் மகள் வழிமறித்தாள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருக்கும். தூங்கும்போதும் இருக்கும் என்று அவள் அம்மா சொல்வார். மாமாவின் மெடலுக்காகப் பதினோரு மாதமாக மனு மேல் மனு எழுதுபவள் அவள்தான்.

“அப்பா, உங்க வாக்குமூலத்தைக் கடைசியா ஒரு தடவை பாத்துட்டேன். நாலு பக்கம். ஒரு இடத்துல முப்பத்திரண்டு பேர்னும் ஒரு இடத்துல நாப்பது பேர்னும் இருந்துது. எல்லா இடத்துலயும் முப்பத்திரண்டுன்னு ஆக்கிட்டேன்.”

“நல்லது.”

“அனுப்பினதுல தப்பு இருந்தா இன்னிக்கே திருத்திக்கலாமாம். ஆனா சத்தியம் பண்ணிட்டா அப்புறம் மாத்த முடியாது. ஏதாவது இருக்கா?”

டாக்டர் படிக்கட்டின் கைப்பிடியைத் துடைத்தார். தூசி இல்லை.

“ஒண்ணும் இல்ல” என்றார்.

கீழே பெஞ்சில் ஒரு பஸ் கண்டக்டர் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார். மடியில் விரித்த செய்தித்தாள். அதில் மெடல் கமிட்டியைப் பற்றி ஒரு பத்தி.

“எனக்கு ஒண்ணு புரியல டாக்டர். செத்து நாப்பது வருஷம் ஆனவருக்கு எதுக்கு மெடல்? அவரு எங்க போட்டுக்குவாரு?”

வாசல்வரை போன மகள் நின்று திரும்பினாள். “உயிரோட இருந்தப்போ நாம குடுக்கல. அது நம்ம தப்பு. செத்தவர் தலையில அதைக் கட்டாதீங்க.”

“கோச்சுக்காதம்மா. உங்க மாமாவைச் சொல்லல. பொதுவாச் சொன்னேன். பத்து வருஷம் கழிச்சு குடுத்தாலாவது கூட நின்னவன் நாலு பேர் இருப்பான், ஆமா இல்லன்னு சொல்ல. இப்ப யாரு இருக்கா?”

“அப்பா இருக்கார்” என்று சொல்லிவிட்டு மகள் போய்விட்டாள்.

டாக்டருக்கு அந்தச் சொல் சட்டைக்குள் விழுந்த எறும்பு மாதிரி இருந்தது. எங்கே கடிக்கும் என்று தெரியாமல் நெளிந்தார்.

கண்டக்டருக்கு மாத்திரை எழுதி அனுப்பிய பிறகு, பழுப்புப் பையும் தாடையைப் பிடித்த கையுமாக ஒரு வெளியூர்க்காரர் உள்ளே வந்தார். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, யாரையும் இடிக்காமல் நடக்கிற நடை. பையை மடியிலேயே வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

கீழ்வரிசைக் கடைவாய்ப்பல். முழுச் சொத்தை.

“இதுதானா?”

“ஆமா.”

“இதுதானா?”

“ஆமாங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுதானா?”

“என் பல்லுல எனக்கு சந்தேகம் இல்ல டாக்டர். உங்களுக்கு இருக்கா?”

ஊசி போட்டாயிற்று. மரத்துப்போகக் காத்திருக்கவேண்டும். அன்றைக்கு வாயே திறப்பதில்லை என்றுதான் டாக்டர் நினைத்திருந்தார். ஆனால் அறை அமைதியானால் அவருக்கு ஆகாது. அமைதியான அறையில் நெட்டை வந்து நிற்பான். டாக்டரம்மாவின் அண்ணனுக்குப் பட்டாளத்தில் நெட்டை என்று பெயர். வந்து எதுவும் கேட்கமாட்டான். வீங்கிய கன்னத்தோடு கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து பார்ப்பான். கதை சொல்ல ஆரம்பித்தால்தான் போவான். அதனால் டாக்டர் சொல்ல ஆரம்பித்தார்.

நன்றாகவே சொன்னார். அன்றைக்கு ஆற்றில் வெள்ளம் பாலத்தின் விலா வரை ஏறியது. எதிரிகள் இரண்டிரண்டு பேராக வந்தார்கள், பாலம் அவ்வளவுதான் அகலம். ஏழாவது ஆள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டான். பாலத்து வீரர் மன்னித்து அனுப்பினார். ஒன்பதாவது ஆளாக அவனே மறுபடி வந்தான். பதினேழாவது ஆள் கட்டையால் அடித்தான். பல் தெறித்தது. முப்பத்திரண்டாவது ஆள் பாலத்தின் நீளத்தைப் பார்த்தான், அதில் கிடந்தவர்களைப் பார்த்தான், திரும்பி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டான்.

பல் வந்துவிட்டது. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். வெளியூர்க்காரர் எழுந்து, மரத்துப்போன உதட்டோடு எதையோ சொல்ல முயன்று, முடியாமல் கும்பிட்டுவிட்டுப் போனார். பழுப்புப் பையை ஒரு தடவை கையால் தட்டிக் காட்டினார். பை நன்றாக இருக்கிறது என்கிறார் போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்கு மாடிக் கதவைத் தட்டினார்கள். டாக்டர் வெள்ளைச் சட்டையோடு போய்த் திறந்தார். காலையில் தான் வைத்த பஞ்சைக் கடித்துக்கொண்டு பழுப்புப் பை வாசலில் நின்றது.

“கமிட்டியிலேர்ந்து வர்றேன்” என்றார் அதிகாரி. “காலையிலேயே சொல்லியிருப்பேன். உங்க கை உள்ள இருந்துது.”

டாக்டரம்மா ஓடிவந்து நாற்காலியைத் துடைத்தார். மகள் அரை நாள் விடுப்புப் போட்டு வந்து நான்கு பக்கங்களையும் மேஜையில் அடுக்கி வைத்திருந்தாள். அதிகாரி உட்கார்ந்தார். முதலில் படத்தைப் பார்த்தார். பிறகு ஆணியைப் பார்த்தார்.

“டாக்டர், நீங்க அனுப்பின வாக்குமூலத்தை ஊர்லயே படிச்சேன். காலையில உங்க வாயாலயும் கேட்டேன்.”

“அது வந்து... பேஷண்ட்டுக்கு பயம் தெரியாம இருக்கணும்னு...”

“தெரியவே இல்ல. அந்த ஏழாவது ஆளு இந்த நாலு பக்கத்துல இல்ல. அவரு காலையில மட்டும் வந்திருக்கார் போல. பரவாயில்ல. பல்லு விஷயம்தான் ஒரு சின்ன சந்தேகம். இன்னிக்கு நானும் ஒண்ணு எடுத்துக்கிட்டேன் பாருங்க, அதே ஞாபகம். கட்டையால அடிச்சா பல்லு உடையுமா, வேரோட வருமா?”

“சில சமயம்...” என்றார் டாக்டர்.

“வேரோடதான் வந்துது” என்றார் டாக்டரம்மா பெருமையாக. “என்கிட்டயே இருக்கு. காட்டறேன் இருங்க.”

உள்ளே போய் ஒரு சின்னத் தகர டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து மூடியைத் திறந்தார். பஞ்சுக்கு நடுவில் பல். நாற்பத்து மூன்று வருஷமாக அது அந்த வீட்டில் இருக்கிறது. டாக்டர் கல்யாணமாகி வருவதற்கு முன்பே இருக்கிறது. அந்த டப்பா திறக்கும்போதெல்லாம் டாக்டருக்கு ஜன்னலுக்கு வெளியே ஏதாவது பார்க்கவேண்டியிருக்கும். இப்போதும் பார்த்தார்.

அதிகாரி பல்லைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு நகல் தாளை எடுத்தார்.

“நான் வந்தது வேற விஷயம். சந்தோஷமான விஷயம்னு வெச்சுக்கலாம். இது உங்க படைப்பிரிவோட காவல் பட்டியல். அந்த நாள், அதிகாலை ரெண்டு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் பாலத்துல யாரு காவல்னு இதுல இருக்கு. உங்க மச்சான் பேரு இல்ல. உங்க பேரு இருக்கு டாக்டர்.”

மகளின் கை காதுக்குப் போய்ப் பென்சிலைத் தொட்டது.

“மாமா பாலத்துலதான் கிடந்தார்னு பட்டாளத்து அறிக்கையில இருக்கே?” என்றாள்.

“கிடந்தார்னு இருக்கும்மா. எதுக்குப் போனார்னு இல்ல. கமிட்டியில ஒரு பெரியவர் ஒரு யோசனை சொல்றார். பாலத்துல நின்னு சண்டை போட்டது உங்கப்பாவாத்தான் இருக்கணும், மச்சான் உதவிக்கு ஓடிவந்து செத்திருக்கணும், உங்கப்பா அடக்கத்துனால பெருமையை அவரு மேல போட்டுட்டார்னு. நாப்பத்திமூணு வருஷம் ஒருத்தர் இப்படி அடக்கமா இருந்தா அதுக்கே தனியா ஒரு மெடல் குடுக்கலாம்னு அவரு அபிப்பிராயம்.” அதிகாரி பஞ்சை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டார். “உயிரோட இருக்கறவர்னா ஃபைல் வேகமா நகரும். குத்திவிட சட்டை இருக்கு. கை குலுக்கலாம். செத்தவங்களுக்குக் குடுக்கறதுல அதுதான் சங்கடம். வேண்டாம்னும் சொல்லமாட்டாங்க, இது நான் இல்லைன்னும் சொல்லமாட்டாங்க.”

டாக்டரம்மா கணவரின் பக்கம் திரும்பினார்.

“நீங்களா?” என்றார்.

கேள்வியாகக் கூட இல்லை அது. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் ஏறியது. டாக்டருக்கு அந்தப் பார்வையைத் தெரியும். இந்த வீட்டில் தினமும் பார்ப்பார். ஆனால் அது எப்போதும் சுவருக்குத்தான் போகும், படத்துக்கு. ஒரு நாள்கூட அவர் பக்கம் வந்ததில்லை. இன்று வந்து முகத்தில் விழுந்ததும் அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் அகப்பட்டவன் மாதிரி அவருக்கு உடம்பு கூசியது.

தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். மெடல் வந்துவிடும். பார்வையும் இருந்துவிடும். ஏழாவது ஆளையும் பதினேழாவது ஆளையும் உண்டாக்கியவருக்கு இது ஒரு பெரிய வேலை இல்லை.

“இதுதானா டாக்டர் நடந்தது?” என்றார் அதிகாரி.

டாக்டர் அதிகாரி பக்கம் திரும்பினார்.

“இன்னும் ரெண்டு தடவை கேளுங்க” என்றார்.

“என்னது?”

“ஒண்ணுமில்ல.” மேஜையில் இருந்த டப்பாவை, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, நேராகப் பார்த்தார். “அது நல்ல பல்லு. பாருங்க, சொத்தை இல்ல, கீறல் இல்ல. அதை எந்த எதிரியும் அடிக்கல. நான் பிடுங்கினேன்.”

டாக்டரம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கேட்டது இன்னும் உள்ளே போய்ச் சேரவில்லை.

“அப்ப நான் டாக்டர் இல்ல. பட்டாளத்துப் பல் டாக்டருக்கு எடுபிடி. டாக்டர் லீவுல போயிருந்தார். முந்தின நாள் நெட்டை பல்வலின்னு வந்தான். எனக்கு இருபத்திரண்டு வயசு, எல்லாம் தெரியும்னு நெனப்பு. குறடு போட்டு எடுத்துட்டேன். வலிச்சது பக்கத்துப் பல்லு. நாக்கால தடவிப் பாத்துட்டு, ‘ஏண்டா, வேற வீட்டுக் கதவைத் தட்டிட்டியேடா’ன்னான். திட்டக்கூட இல்ல. அந்தப் பல்லைத் தீப்பெட்டியில போட்டு வெச்சுக்கிட்டான். ஊருக்குப் போனதும் என் தங்கச்சிகிட்ட காட்டிச் சிரிக்கணும்னான்.”

மகள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“காவல் எனக்குத்தான். ரெண்டு மணிக்கு எழுந்து போனேன். அவன் முன்னாடியே பாலத்துல உலாத்திக்கிட்டு இருந்தான், கன்னம் இவ்வளவு வீங்கி. ‘எனக்குத் தூக்கம் வராது, உன் புண்ணியம். துப்பாக்கியைக் குடு, ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு இருந்து என்ன ஆகப்போகுது, போய்ப் படு’ன்னான். நான்... குடுத்துட்டேன். போய்ப் படுத்தேன். நல்லாத் தூங்கினேன். அதைச் சொல்லணும். அன்னிக்குத் தூங்கின மாதிரி அதுக்கப்புறம் நான் தூங்கினதில்ல.”

“அப்புறம்?” என்றார் அதிகாரி.

“மூணு வெடிச்சத்தம். எழுந்து ஓடினோம், தொண்ணூறு பேரும். அவன் பாலத்துல கிடந்தான். ஆத்துல படகுங்க திரும்பிப் போற சத்தம் கேட்டுது. நாலு பேரா, நாப்பது பேரா, தெரியாது. ஒருத்தரையும் நான் பாக்கல. கண்ணால பாத்த சாட்சின்னு என்னைப் போட்டிருக்கீங்க. என் கண்ணு மூடியிருந்துது.”

“முப்பத்திரண்டு?” என்றாள் மகள்.

“வாயில வர்ற எண்ணும்மா அது. தொழில் அப்படி.”

“எதுக்குப்பா?”

டாக்டர் மனைவியைப் பார்க்காமல் சொன்னார். “அவன் சாமான்களைக் குடுக்க வீட்டுக்கு வந்தேன். உங்கம்மாவுக்குப் பத்தொன்பது வயசு. தீப்பெட்டியைத் தொறந்து பாத்துட்டு, இது என்ன பல்லுன்னு கேட்டா. நான் எடுத்ததுன்னு சொல்ல வாய் வரல. எதிரி அடிச்சதுன்னு வந்துது.”

முதல் எதிரி அப்படித்தான் பிறந்தான். மற்ற முப்பத்தொரு பேரும் அவனுக்குத் துணையாக வந்தவர்கள்.

அதிகாரி பேனாவை மூடினார். இவ்வளவு நேரமும் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை மகள் அப்போதுதான் கவனித்தாள்.

“காவலைக் குடுத்துட்டுத் தூங்கினதுக்கு என்ன தண்டனையோ, நான் ஏத்துக்கறேன்” என்றார் டாக்டர்.

“அதுக்கு இன்னும் கமிட்டி போடல” என்றார் அதிகாரி.

“பல்வலியில தூக்கம் வராம நின்னவருக்கு மெடல் குடுப்பாங்களா சார்?” மகள் கேட்டதில் கசப்பு இருந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். “தெரியாதும்மா. தனியா நின்னு முப்பது பேரு, அம்பது பேருன்னு அடிச்சவங்க ஃபைல் என் மேஜையில பதினாலு இருக்கு. சிலது நெஜமாக்கூட இருக்கும். அடுத்தவன் காவலுக்கு நான் நிக்கறேன், நீ போய்ப் படுன்னு சொன்னவன் ஃபைல் இது ஒண்ணுதான். ஆனா முடிவு பண்றது நான் இல்ல.”

பையிலிருந்து எழுதாத படிவம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். “நாளைக்குப் பத்து மணிக்கு ஊருக்குக் கிளம்பறேன். அதுக்குள்ள இதுல எழுதிக் குடுங்க. சாட்சி கையெழுத்து ஒண்ணு, நெருங்கின உறவு கையெழுத்து ஒண்ணு. உறவுன்னா அம்மாதான். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் ஃபைலை மூடிடுவாங்க.”

வாசல்வரை போனவரிடம் டாக்டர் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்: “வலி எப்படி இருக்கு?”

“இல்ல. சரியான பல்லைத்தான் எடுத்திருக்கீங்க” என்றார் அதிகாரி. குத்திக்காட்டுகிற ஆள் இல்லை அவர். ஆனாலும் குத்தியது.

கதவை மூடிவிட்டுத் திரும்பினால் டாக்டரம்மா இருந்த இடத்தில் இல்லை. டப்பாவும் இல்லை. சமையலறையில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கவில்லை. வெறும் குழாய்.

மகள் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். நான்கு பக்க வாக்குமூலத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். படித்ததை அடித்தாள். வெள்ளம் போயிற்று. இரண்டிரண்டு பேராக வந்தவர்கள் போனார்கள். பதினேழாவது ஆள் ஒரு முழுப் பத்தியோடு போனான். அவள் வேகமாக அடிக்கவில்லை. அச்சகத்தில் செய்வது மாதிரி ஒவ்வொரு சொல்லின் மேலும் பென்சிலை வைத்து, நிதானமாக. டாக்டர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.

நான்காவது பக்கத்தின் அடியில் பென்சில் நின்றது.

“ஒரு வரி மிஞ்சுதுப்பா.”

“என்ன வரி?”

“‘அன்று அதிகாலையில் அவர் பாலத்தில் நின்றார்.’” காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னாள். “இதை நான் எழுதல. நீங்க சொன்னதுலயே இருந்துது. இவ்வளவு கூட்டத்துல கண்ணுலயே படல.”

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். குழாய் நின்றது. பேச்சுச் சத்தம் வருமா என்று டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வரவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

ஐந்தரை மணி வெயில் டிஸ்பென்சரி ஜன்னல் வழியாக நாற்காலிமேல் விழுந்திருந்தது. மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். பேச்சில் நாற்பத்து மூன்று வருஷம் ஓடிய கதை, எழுத்தில் ஒரு சொல் ஓடவில்லை. கதவு நிலையைப் பார்த்தார். நெட்டையும் வரவில்லை. அவனும் மாடியில்தான் இருக்கிறான் போலிருக்கிறது, தங்கையோடு.

படிக்கட்டில் காலடி கேட்டது.

டாக்டரம்மா டப்பாவோடு வந்தார். இந்த அறைக்கு அவர் பெருக்க வருவார், சாப்பிடக் கூப்பிட வருவார். அந்த நாற்காலியில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பல் வலித்தபோதுகூட வேறு டாக்டரிடம் போனார், வீட்டு ஆளிடம் வாயைக் காட்ட வெட்கம் என்று. இப்போது நேராக வந்து ஏறி உட்கார்ந்தார். சாயவில்லை. டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

“ஆணியை எடுத்துட்டியா?” என்றார் டாக்டர். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

“அதை அப்புறம் பாக்கலாம்.” அழுத முகம் இல்லை, கழுவிய முகம். “அண்ணன் என்கிட்ட காட்டிச் சிரிக்கணும்னு சொன்னானா?”

“சொன்னான்.”

“நெஜமா? இல்ல, அதுவும் இப்ப சேத்துக்கிட்டதா?”

“நெஜமா சொன்னான்.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

தன் வாய்ச்சொல் ஒரு நல்ல கருவியாக இருந்ததையும், அதைத் தானே மழுங்கடித்துவிட்டதையும் டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊரெல்லாம் இதுல உக்காந்து வாயைத் தொறந்து வெச்சுக்கிட்டு உங்க கதையைக் கேட்டாங்க” என்றார் டாக்டரம்மா. “நானும் அப்படித்தான் கேட்டேன், மாடியில உக்காந்து. இப்ப மூடிக்கிட்டுக் கேக்கறேன். முதல்லேர்ந்து சொல்லுங்க. கையெழுத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

டாக்டர் பேனாவை வைத்தார். நாற்காலிக்குப் பக்கத்தில், எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றார். கை தானாகக் கண்ணாடிக் காம்பைத் தேடியது. கைகளைக் கட்டிக்கொண்டார்.

“முந்தின நாள் சாயங்காலம் உங்கண்ணன் கூடாரத்துக்கு வந்தான்...”

“எத்தனை மணிக்கு?”

டாக்டர் நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் கதையின் நடுவே யாரும் அவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. வாய் பழக்கத்தில் ஏதோ ஒரு எண்ணை எடுத்துக் கொடுக்க வந்தது. அதைத் தடுத்து நிறுத்தினார். கண்ணை மூடினார். கூடாரத்தின் வாசல், சரிந்த வெயில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனியும் நெட்டை, டாக்டர் விட்டுப்போன மேஜைக் கடிகாரம்.

“அஞ்சே கால்” என்றார்.

டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ம். அப்புறம்?” என்றார்.